ஒட்டாதவற்றை ஒட்டுதல்: பல்லடுக்கு நெகிழிப் படலமும் மதுரை நெகிழிச் சாலையும் – ஒரு தொழில்நுட்ப வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இயல்பால் ஒன்றோடொன்று ஒட்டாத நெகிழி வகைகளை ஒரே படலமாகப் பிணைக்கும் தொழில்நுட்பம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உணவுப்பொருள் உறைகளின் தன்மையை மாற்றியது. அப்பிணைப்பின் உறுதியே அவ்வுறைகள் மறுசுழற்சிக்கு உட்படாமைக்கும் காரணமாயிற்று. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் 2001 முதல் உருவாக்கிய நெகிழிச் சாலை முறை, பெரும்பாலும் கழிவு மேலாண்மையின் வெற்றிக்கதையாகவே எடுத்துரைக்கப்படுகிறது. இக்கட்டுரை அதனைப் பிணைப்புத் தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு பகுதியாக வைத்து ஆராய்கிறது. படலத்தில் பிணைப்படுக்கை வேண்டி நின்ற நெகிழி, சாலையில் தானே பிணைப்படுக்காகச் செயற்படுகிறது என்பதையும், அச்செயற்பாடு எல்லா நெகிழிகளுக்கும் பொருந்தாது என்பதையும், 2016 முதல் 2022 வரையிலான விதிகள் இவ்வேறுபாட்டை எவ்வாறு கையாண்டன என்பதையும் கட்டுரை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: பல்லடுக்குப் படலம், கூட்டுப் பிதுக்கம், பிணைப்படுக்கு, நெகிழிச் சாலை, மதுரை, கழிவு மேலாண்மை விதிகள்.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு புதிய பொருள்களின் கண்டுபிடிப்பை விரிவாகப் பதிவு செய்யும். பொருள்கள் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்க்கப்பட்டன என்பதை அந்த அளவிற்குக் கவனிப்பதில்லை. நெகிழியின் வரலாற்றிலும் இதுவே நிலை. பாலித்தீன், நைலான், பாலியெஸ்டர் ஆகியவற்றின் தோற்றம் நன்கு அறியப்பட்டது. இவை மூன்றும் ஒரே உறையில் அடுக்கப்பட்டுப் பிரியாமல் நிற்பது எவ்வாறு என்ற வினா வேதிப்பொறியியல் நூல்களுக்குள் அடங்கிவிட்டது. ஆயினும் நகர்ப்புறக் கழிவு பற்றிய இன்றைய விவாதத்தின் மையம் இவ்வினாவிலேயே உள்ளது.

மதுரையில் உருவான நெகிழிச் சாலை முறை இவ்வினாவை ஆராய ஏற்ற களமாகும். வாசுதேவனுக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவரது முறையைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை, வீசியெறியப்பட்ட நெகிழி பயனுள்ள சாலையாயிற்று என்ற அளவில் நிறைவடைகின்றன. எந்த நெகிழி, எந்த வெப்பநிலையில், எதனோடு பிணைந்தது என்ற வினாக்கள் எழுப்பப்படும்போதுதான் அம்முறையின் தனித்தன்மையும் எல்லையும் புலப்படுகின்றன. அவ்வினாக்களுக்கு விடை காண, முதலில் படலத்தின் உட்கட்டமைப்பை அறிதல் வேண்டும்.

1. படலத்தினுள் பிணைப்புச் சிக்கல்

பாலித்தீன் 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவன ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. அது ஈரத்தைத் தடுக்கும், குறைந்த வெப்பத்தில் உருகித் தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும், விலையும் குறைவு. ஆனால் ஆக்சிஜனும் நறுமணமும் எண்ணெய்ப்பசையும் அதனை எளிதில் ஊடுருவும். நைலான் இதற்கு நேர்மாறானது. அது வாயுக்களையும் எண்ணெயையும் தடுக்கும், ஈரத்தை உறிஞ்சும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்பதால் இரண்டையும் அடுக்கவேண்டிய தேவை எழுந்தது.

இங்கு மூலக்கூறுகளின் இயல்பு தடையாயிற்று. பாலித்தீன் சங்கிலி கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டது. அதற்கு முனைவுத்தன்மை இல்லை. நைலான் சங்கிலியில் உள்ள அமைடு தொகுதிகள் முனைவுத்தன்மை மிக்கவை. இரண்டு பலபடிகள் உருகிய நிலையில் தொட்டுக்கொண்டால் அவற்றின் சங்கிலிகள் இடைமுகத்தைக் கடந்து ஒன்றற்குள் ஒன்று பரவிப் பின்னிக்கொள்ளவேண்டும். அப்போதுதான் குளிர்ந்தபின் பிணைப்பு நிலைக்கும். பாலித்தீனும் நைலானும் அவ்வாறு பரவுவதில்லை. நகத்தால் கீறினாலே அடுக்குகள் உரிந்து வந்துவிடும்.

இச்சிக்கலுக்கு இரண்டு வழிகள் காணப்பட்டன. ஒன்று, தனித்தனியே செய்த படலங்களைப் பாலியூரித்தேன் போன்ற பசையால் ஒட்டுவது. மற்றொன்று, 1960களில் பரவத் தொடங்கிய கோ-எக்ஸ்ட்ரூஷன் எனப்படும் கூட்டுப் பிதுக்க முறை. இதில் வெவ்வேறு எந்திரங்களில் உருக்கப்பட்ட நெகிழிகள் ஒரே அச்சின் வழியே அடுக்குகளாகச் சேர்ந்து வெளிவரும். ஒட்டாத இரண்டிற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பிணைப்படுக்கு செலுத்தப்படும். மேலிக் அன்ஹைட்ரைடு ஒட்டுச்சேர்க்கப்பட்ட பாலித்தீன் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதன் முதன்மைச் சங்கிலி பாலித்தீன் என்பதால் பாலித்தீன் அடுக்கினுள் பரவிப் பின்னிக்கொள்ளும். அன்ஹைட்ரைடு தொகுதியோ நைலான் சங்கிலியின் முனையிலுள்ள அமீன் தொகுதியுடன் வேதிவினை புரியும். ஒரு பக்கம் உறவாலும் மறுபக்கம் வினையாலும் பிணைக்கும் இடையாளாக அது செயற்படுகிறது. ஜப்பானின் குராரே நிறுவனம் 1972இல் வணிகமுறையில் வெளியிட்ட எத்திலீன் வினைல் ஆல்கஹால் என்னும் வாயுத்தடுப்பு நெகிழியும் பாலித்தீனோடு சேர இத்தகைய இடையாளையே நாடியது.

இப்பிணைப்பு நிகழக் கிடைக்கும் நேரம் சில விநாடிகளே. உருகுகளின் பாகுநிலை மிகவும் வேறுபட்டால் இடைமுகத்தில் அலைகள் தோன்றிப் படலம் கெடும். நைலான்-6 சுமார் 220 பாகை செல்சியசிலும், அடர்த்தி குறைந்த பாலித்தீன் சுமார் 110 பாகையிலும் உருகுபவை என்பதை நோக்கினால், இவற்றை ஒரே அச்சில் ஒழுங்காகச் செலுத்துவதன் கடினம் விளங்கும். இக்கடினத்தை வென்ற உறுதியான பிணைப்பே உற்பத்தியாளரின் சாதனை. அவ்வுறை குப்பையை அடைந்தபின் அச்சாதனை வேறு பொருள் பெற்றது.

2. காயலான் கடையின் தராசு

தமிழகத்தில் பல்லடுக்கு உறைகளின் பரவலை இரண்டு பொருள்கள் வழியே காணலாம். ஒன்று பால் உறை. மற்றொன்று சிற்றுறை, அதாவது வழக்கில் 'சாஷே' எனப்படுவது.

ஆவின் பெயரால் அறியப்படும் கூட்டுறவுப் பால், மதுரை உட்பட மாநிலமெங்கும் நெகிழி உறைகளில் விற்கப்படுகிறது. இத்தகைய பால் உறை பொதுவாகச் சுமார் 50 முதல் 60 மைக்ரான் தடிப்புடையது. அடர்த்தி குறைந்த பாலித்தீனையும் அதன் நேர்கோட்டு வகையையும் அடுக்கிச் செய்யப்படுவது. இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, பிணைப்படுக்கு தேவையில்லை. மீண்டும் உருக்கினாலும் இவை தம்முள் கலந்து ஒரே நெகிழியாகவே நடந்துகொள்ளும்.

சிற்றுறையின் அமைப்பு வேறு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறு அளவில் பொருள்களை உறையிட்டு விற்கும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு அம்முறையைச் சிற்றூர்கள்வரை கொண்டுசென்றது. நாட்கூலி பெறும் குடும்பங்கள் முழுப்புட்டிக்குப் பணம் செலவிடாமல் ஒரு வேளைக்கானதை வாங்க முடிந்தது என்பது இதன் சமூகப் பயன். இத்தகைய உறைகளில் அச்சிடுவதற்கும் உறுதிக்கும் பாலியெஸ்டர், ஒளியையும் வாயுவையும் தடுக்க அலுமினியப் பூச்சு, ஓரங்களை வெப்பத்தால் மூடப் பாலித்தீன் என வேறுபட்ட இயல்புடைய அடுக்குகள் ஒட்டப்படுகின்றன. சமையல் எண்ணெய் உறைகளில் பாலித்தீன், பிணைப்படுக்கு, நைலான், பிணைப்படுக்கு, பாலித்தீன் என்ற ஐந்தடுக்கு வரிசையைக் காணலாம்.

இவ்விருவகை உறைகளின் வேறுபாட்டை ஆய்வகத்திற்கு முன்பே அறிந்தது காயலான் கடையின் தராசு. கழுவி உலர்த்திய பால் உறைக்கு அங்கு எடைக்கு விலை உண்டு. சிற்றுறைக்கும் சிப்ஸ் உறைக்கும் விலை இல்லை. உருக்கினால் அவற்றின் அடுக்குகள் ஒன்றோடொன்று கலவாமல் துளிகளாகச் சிதறி, வலுவற்ற குறுணையையே தரும். பிரித்தெடுக்கும் செலவோ பொருளின் மதிப்பை மிஞ்சும். விலையற்ற பொருளைக் குப்பை பொறுக்குவோர் எடுப்பதில்லை. எனவே அது தெருவில் தங்கும்; அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல் குப்பைக்கிடங்கில் சேரும்; கண்மாய் மடைகளிலும் கால்வாய்களிலும் அடைத்துக்கொள்ளும். பலபடிகளின் இடைமுகத்தில் தோன்றிய உறுதி, நகரின் நீர்வழிகளில் அடைப்பாக வெளிப்பட்டது.

3. தாரில் கலத்தலும் கல்லின்மேல் பூசுதலும்

தார் என வழக்கில் சொல்லப்படும் பிட்டுமெனுடன் பலபடிகளைச் சேர்த்துச் சாலையின் தரத்தை உயர்த்தும் முயற்சி மதுரைக்கு முன்பே உலகின் பல இடங்களில் நடைபெற்றது. சூடான தாரில் பலபடியை நேரடியாகக் கலப்பது ஈரமுறை எனப்படும். கழிவு நெகிழியை இம்முறையில் கலக்கும்போது ஒரு தடை எதிர்ப்பட்டது. பாலித்தீன் தாரில் குறைந்த அளவே நிலையாகக் கலக்கும். கலவையை வைத்திருந்தால் நெகிழி பிரிந்து மேலே மிதக்கும். தொடர்ந்து கலக்கும் வலிய எந்திரங்கள் தேவைப்பட்டன. படலத்தில் கண்ட ஒவ்வாமைச் சிக்கலே இங்கும் வேறு வடிவில் தோன்றியது.

வாசுதேவனின் மாற்றம் சேர்க்கும் வரிசையில் நிகழ்ந்தது. நெகிழியைத் தாரில் கலப்பதற்கு மாறாக, முதலில் சூடான ஜல்லியின்மேல் தூவினார். உலர்முறை எனப்படும் இச்செய்முறையில் ஜல்லி சுமார் 160 முதல் 170 பாகை செல்சியஸ் வரை சூடேற்றப்படும். சிறு துணுக்குகளாக நறுக்கப்பட்ட நெகிழி அதன்மேல் தூவப்படும். அரை நிமிடத்திற்குள் நெகிழி உருகிக் கல்லின் மேற்பரப்பில் எண்ணெய்ப்பசை போன்ற பளபளப்பான பூச்சாகப் படியும். அதன்பின் சூடான தார் சேர்க்கப்பட்டு, கலவை சாலையில் பரப்பப்படும். வழக்கமான தார்க்கலவை ஆலையே போதும். புதிய எந்திரம் ஏதும் வேண்டா. ஊராட்சிச் சாலைகளுக்கும் இம்முறை எட்டக்கூடியதாயிருந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தியாகராசர் பொறியியல் கல்லூரி 2006ஆம் ஆண்டு இம்முறைக்குக் காப்புரிமை பெற்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008இல் வெளியிட்ட செயற்றிறன் மதிப்பீட்டு அறிக்கை, சென்னை ஜம்புலிங்கம் தெரு (2002), ஈரோடு வீரபத்திரர் தெரு (2003), மதுரை வண்டியூர்ச் சாலை (2004), விளாச்சேரிச் சாலை (2005), கல்லூரி வளாகச் சாலை (2006) ஆகியவற்றை ஆராய்ந்தது. ஒப்பீட்டிற்காக 2002இல் இடப்பட்ட சாதாரணத் தார்ச்சாலையும் சேர்க்கப்பட்டது. நெகிழிச் சாலைகளில் குழிகளோ ஜல்லி பெயர்தலோ குறிப்பிடத்தக்க அளவில் காணப்படவில்லை என்பது அதன் முடிவு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013இல் இம்முறைக்கான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பெருநகர்களைச் சூழ்ந்த பகுதிகளின் தார்ச்சாலைப் பணிகளில் கழிவு நெகிழியைப் பயன்படுத்துமாறு பணித்தது.

4. நெகிழியே பிணைப்படுக்கு ஆதல்

தார்ச்சாலை சிதைவதற்கு முதற்காரணம் நீர். மதுரை வட்டாரத்துக் கல்குவாரிகளில் கிடைக்கும் நைஸ், சார்னோக்கைட் முதலான கடினப் பாறைகள் சிலிக்கேட்டுக் கனிமங்களால் ஆனவை. அவற்றின் மேற்பரப்பு முனைவுத்தன்மை கொண்டது. தாரைவிட நீரையே மிகுதியாக விரும்பும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலைமேல் தேங்கும் நீர், கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து தாரை உரித்துவிடும். சக்கரங்களின் அழுத்தம் எஞ்சியதைச் செய்யும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் அடித்தளமே ஈரத்தால் பருத்தும் சுருங்கியும் அசைவதால் சிதைவு மேலும் விரைவுபெறும்.

உருகிய பாலித்தீன் கல்லின் நுண்துளைகளில் இறங்கிக் குளிர்ந்து இறுகும்போது அங்கே நங்கூரமிட்டதுபோல் நிலைகொள்கிறது. துளைகள் அடைபடுவதால் கல் நீரை உறிஞ்சுவதும் குறைகிறது. மறுபுறம், தார் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன்களால் ஆனது, பாலித்தீனும் அவ்வாறே. சூடான நிலையில் இரண்டும் எல்லைப் பரப்பில் ஒன்றற்குள் ஒன்று பரவுகின்றன. தாரின் முழு அளவிலும் நெகிழி கலக்கவேண்டிய தேவை இங்கு இல்லை. எல்லைப் பரப்பில் கலந்தால் போதும். ஈரமுறையில் தடையாயிருந்த ஒவ்வாமை இதனால் பெரிதும் விலகியது. நெகிழி பூசிய ஜல்லியை நீரில் ஊறவைத்துச் செய்த சோதனைகளில் தார் உரியாமல் நின்றது. கலவையின் தாங்குதிறனை அளக்கும் மார்ஷல் சோதனையிலும் மதிப்பு உயர்ந்தது.

இவ்வமைப்பைப் படலத்தின் அமைப்போடு ஒப்பிடுதல் தகும். பாலித்தீன், பிணைப்படுக்கு, நைலான் என்பது படலத்தின் வரிசை. தார், நெகிழி, கல் என்பது சாலையின் வரிசை. படலத்தில் இடையாளை வேண்டி நின்ற பாலித்தீன், சாலையில் இடையாளின் இடத்தைப் பெறுகிறது. இவ்வொப்புமை செயற்பாட்டளவில் மட்டுமே கொள்ளத்தக்கது. படலத்தின் இடையாள் நைலானோடு வேதிப்பிணைப்பு உண்டாக்குவது; சாலையில் பாலித்தீன் கல்லைப் பற்றுவதோ பெரிதும் இயற்பியல் வகையானது. எனினும், ஒவ்வாத இரண்டைச் சேர்க்க மூன்றாவதை நடுவில் நிறுத்துதல் என்ற தொழில்நுட்பச் சிந்தனை இரண்டிற்கும் பொதுவானது. வாசுதேவன் பயிற்சியால் வேதியியலாளர் என்பதும், சிக்கலைச் சாலையின் தடிப்பில் தேடாமல் மேற்பரப்பில் தேடியதும் இங்கு இணைத்து நோக்கத்தக்கவை.

5. 170 பாகை என்னும் எல்லை

ஜல்லியின் வெப்பநிலையே இம்முறையில் நெகிழிகளை வகைப்படுத்துகிறது. அடர்த்தி குறைந்த பாலித்தீன் சுமார் 110 பாகையிலும், அடர்த்தி மிகுந்த பாலித்தீன் சுமார் 130 பாகையிலும், பாலிபுரொப்பிலீன் சுமார் 160 பாகையிலும் உருகும். இவை 170 பாகைக்குள் அடங்கும். நைலான்-6 (220 பாகை), பாலியெஸ்டர் (சுமார் 250 பாகை) ஆகியவை அடங்கா. அலுமினியத்தைச் சொல்லவே வேண்டா. வெப்பத்தைக் கூட்டுவதும் இயலாது; அது தாரை முதுமையடையச் செய்து சாலையைக் கெடுக்கும். பி.வி.சி. வெப்பத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும் என்பதால் அது முற்றிலும் விலக்கப்பட்டது.

மதுரை முறையின் பரிந்துரைகளில் 60 மைக்ரானுக்கு உட்பட்ட பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் படலங்களோடு, அதே தடிப்பிற்குள் அமைந்த அலுமினியப் பூச்சுடைய பிஸ்கட், மிட்டாய் உறைகளும் இடம்பெற்றன. இவ்வுறைகளில் உருகிக் கல்லில் படிவது அவற்றின் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் பகுதியே. பாலியெஸ்டரோ அலுமினியமோ இருப்பின் அவை உருகாத நுண்துணுக்குகளாகக் கலவையில் தங்கும். சிறு விகிதத்தில் இவை தீங்கு விளைவியாமல் இருக்கலாம். ஆயினும் பிணைப்பிற்கு இவை பங்களிப்பதில்லை. சேர்க்கப்படும் நெகிழி தாரின் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டாத நிலையில், அதில் எந்தப் பங்கு உண்மையில் உருகுகிறது என்பது சாலையின் தரத்தை நிர்ணயிக்கும்.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. சாலைக்கு மிக ஏற்ற நெகிழி பால் உறை போன்ற தூய பாலித்தீன். அதற்குக் காயலான் கடையில் ஏற்கெனவே விலை உண்டு. அது சாலைக்கு வராமலே மறுசுழற்சிக்குச் செல்லும். எவரும் வாங்காமல் சாலைக்கு எஞ்சுவது பல்லடுக்கு உறை. பிணைப்பில் குறைவாகப் பங்கேற்பதும் அதுவே. 3.75 மீட்டர் அகலமுள்ள ஒரு கிலோமீட்டர்ச் சாலைக்குச் சுமார் ஒரு டன் நெகிழி செல்லும் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. ஓர் உறை ஒரு கிராம் எனக் கொண்டால் இது பத்து லட்சம் உறைகளுக்குச் சமம். அவ்வுறைகள் எத்தகையவை என்று கூறாதவரை அக்கணக்கு முழுமையடையாது.

6. சட்டச் சொற்களின் நகர்வு

இம்முரணைச் சட்டச் சொற்களின் வழியே தொடரலாம். 2016 மார்ச் 18இல் அறிவிக்கப்பட்ட நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், ஒட்டியும் கூட்டுப் பிதுக்கத்தாலும் செய்யப்பட்ட உறைகள் இரண்டையும் பல்லடுக்கு உறை என வரையறுத்தன. மறுசுழற்சி செய்ய இயலாத பல்லடுக்கு நெகிழியை இரண்டு ஆண்டுகளில் கைவிடவேண்டும் என விதித்தன. இந்தியச் சாலைக் காங்கிரஸ் நெறிகளின்படி சாலைப்பணிக்குக் கழிவு நெகிழியைப் பயன்படுத்துவதை உள்ளாட்சிகள் ஊக்குவிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இடம்பெற்றது.

அவ்விரண்டு ஆண்டுகள் முடிந்த காலத்தில், 2018 மார்ச் 27ஆம் நாள் திருத்தம் அத்தொடரை மாற்றியது. மறுசுழற்சிக்கோ ஆற்றல் மீட்புக்கோ உதவாத, மாற்றுப் பயன்பாடும் இல்லாத பல்லடுக்கு நெகிழி மட்டுமே கைவிடப்பட வேண்டியதாயிற்று. சாலை அத்தகைய மாற்றுப் பயன்பாடுகளுள் ஒன்றாக எளிதில் எண்ணத்தக்கது. சிமெண்டு ஆலை உலையும் அவ்வாறே. ஏதேனும் ஒரு பயன்பாட்டைக் காட்டக்கூடிய உறை, தடையின் எல்லைக்கு வெளியே நிற்க முடிந்தது. வாசுதேவனின் பத்மஸ்ரீ அறிவிப்பு அவ்வாண்டு ஜனவரியிலும், ஒருமுறை பயன்படும் நெகிழிகளைத் தடைசெய்த தமிழக அரசின் அரசாணை எண் 84 ஜூன் 25இலும் வெளிவந்தன. அவ்வாணை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நெகிழியின் பயனைப் பாராட்டுவதும், பல்லடுக்கின் தடையைத் தளர்த்துவதும், கைப்பைகளைத் தடுப்பதும் ஆகிய மூன்றும் ஆறு மாதங்களுக்குள் நிகழ்ந்தன.

2022 பிப்ரவரியில் வெளியான உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு பற்றிய வழிகாட்டு நெறிகள் பல்லடுக்கு உறையைத் தனிப் பிரிவாக்கின. மறுசுழற்சி செய்ய இயலாத நெகிழி மட்டுமே சாலை, ஆற்றல் உற்பத்தி, சிமெண்டு உலை போன்ற 'ஆயுள்முடிவு அகற்றல்' வழிகளுக்குச் செல்லலாம் என அவை கூறின. 2018இல் மாற்றுப் பயன்பாட்டின் கீழ் இடம்பெறத்தக்கதாயிருந்த சாலை, 2022இல் அகற்றலாக வகைப்படுத்தப்பட்டது. இச்சொல்மாற்றம் மதுரை முறையின் தன்மையையே வினாவுக்கு உள்ளாக்குகிறது. சாலைப் பொறியியலாளருக்கு நெகிழி ஒரு கட்டுமானப் பொருள். அவர் தூய்மையானதைத் தேர்ந்தெடுக்க விரும்புவார். கழிவு மேலாளருக்குச் சாலை ஒரு சேருமிடம். அவர் வேறெங்கும் செல்லாததை அனுப்ப விரும்புவார். சாலை தேய்ந்து நுண்நெகிழியாக உதிர்வது பற்றிய இன்றைய ஐயங்களும் இவ்விரு நோக்கங்களுள் எது முன்னிற்கிறது என்பதையே சார்ந்து விடைபெறும்.

முடிவுரை

மதுரை நெகிழிச் சாலை, பல்லடுக்குப் படலம் எழுப்பிய சிக்கலுக்கான விடையாகத் தோன்றியதன்று. கல்லும் தாரும் நீரின் முன் பிரிந்துபோகும் சிக்கலுக்கு அது விடை கண்டது. அவ்விடையின் வலிமை, ஒவ்வாதவற்றின் நடுவே உருகத்தக்க ஒரு பொருளை நிறுத்தியதில் உள்ளது. உருகாத அடுக்குகளைக் கொண்ட உறைகளுக்கும் அதே வலிமையை உரித்தாக்குவது, அக்கண்டுபிடிப்பின் அடிப்படையான வேதியியலைப் புறக்கணிப்பதாகும்.

பல்லடுக்கு உறையின் சிக்கல் அது உருவாகும் அச்சிலேயே தொடங்குகிறது. பால் உறை காட்டும் வழி கருதத்தக்கது: ஒரே குடும்ப நெகிழிகளை அடுக்கினால் பிணைப்பும் எளிது, மறுசுழற்சியும் எளிது, காயலான் கடையில் விலையும் உண்டு. இவ்வழியில் உறைகளை மாற்றியமைக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. அப்பொறுப்பைச் சாலையின்மேல் ஏற்றும்போது, மதுரை ஆய்வு எதற்காகச் சிறப்புற்றதோ அந்தப் பிணைப்பின் தரமே குறைவுபட நேரும். வண்டியூரிலும் விளாச்சேரியிலும் இடப்பட்ட சாலைகளைப் போன்றவற்றில் இன்று எத்தகைய நெகிழி சேர்க்கப்படுகிறது என்பதை அடுக்குவாரியாகப் பதிவு செய்யும் ஆய்வுகள், தமிழகத் தொழில்நுட்ப வரலாற்றுக்கும் உள்ளாட்சிகளின் கொள்கை முடிவுகளுக்கும் ஒருங்கே பயன்படும்.